கிரிப்டோ வாலட் செயலிகள் மீதான ஆப் ஸ்டோர் தடைகள்

பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களைக் கையாளும் செயலிகளை ஆப்பிளும் கூகுளும் தத்தம் ஸ்டோர்களிலிருந்து நீக்கிவந்த வரலாறு நீண்டது. தொடக்கத்தில் நிறுவனங்களின் சொந்த விதிகளே காரணமாக இருந்தன. பின்னர் அரசுகளின் கையும் சேர்ந்தது. இந்தியாவில் இது பெரிய அளவில் நடந்தது 2024 ஜனவரியில்.

வாலட் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நாணயத்தை நகர்த்தும் ரகசியச் சாவி பயனரிடமே இருக்கும். செயலி நீக்கப்பட்டாலும், எழுதிவைத்த 12 அல்லது 24 சொற்களைக் கொண்டு வேறொரு வாலட்டில் கணக்கை மீட்டுவிடலாம். மற்றொன்று, நாணயங்களை வாங்கி விற்கும் தளங்களான எக்ஸ்சேஞ்சுகளின் செயலி. அதில் சாவி நிறுவனத்திடம் இருப்பதால், செயலியும் இணையதளமும் முடங்கினால் பயனர் கையில் ஒன்றுமில்லை. சட்டமும் செய்திகளும் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றன.

ஆப்பிள் 2013 நவம்பரில் காயின்பேஸ் செயலியையும், 2014 பிப்ரவரியில் பிளாக்செயின் நிறுவனத்தின் வாலட்டையும் எடுத்துவிட்டது. ஆத்திரப்பட்ட சிலர் ஐபோனைத் துப்பாக்கியால் சுட்டு நொறுக்கி வீடியோ போட்டார்கள். அந்த ஜூனிலேயே ஆப்பிள் விதியைத் தளர்த்தியது. ஜூலையில் வாலட் திரும்பி வந்தது. கூகுளின் தடுமாற்றம் இன்னும் விசித்திரமானது. 2019 டிசம்பரில் மெட்டாமாஸ்க் வாலட்டை நீக்கியபோது, கைப்பேசியில் கிரிப்டோ மைனிங் செய்யும் செயலிகளுக்கான தடையைக் காரணம் காட்டியது. மெட்டாமாஸ்க் மைனிங் செய்வதே இல்லை. புத்தாண்டையொட்டி செயலி மறுபடி ஸ்டோருக்கு வந்தது.

இந்தியாவில் கிரிப்டோ வைத்திருப்பதை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் வந்தன. பிடித்தத்தைத் தவிர்க்க விரும்பிய வர்த்தகர்கள் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போனார்கள். 2023 மார்ச் 7 அன்று கிரிப்டோ துறை சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. இந்தியர்களுக்குச் சேவை தருவோர் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும் என்பது கட்டாயமானது.

பதிவு செய்யாத 9 நிறுவனங்களுக்கு அப்பிரிவு 2023 டிசம்பர் 28 அன்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பைனான்ஸ், கூகாயின், ஹுவோபி, கிராக்கன், கேட்.ஐஓ, பிட்ரெக்ஸ், பிட்ஸ்டாம்ப், மெக்ஸி குளோபல், பிட்ஃபினெக்ஸ் ஆகியவை அவை. இணையதளங்களை முடக்குமாறு மின்னணு அமைச்சகத்தையும் கேட்டுக்கொண்டது. இரண்டு வாரங்களுக்குள் ஆப்பிளும், அதைத் தொடர்ந்து கூகுளும் செயலிகளை இந்திய ஸ்டோரிலிருந்து நீக்கின. இந்தத் தடை ஸ்டோர் கணக்கு எந்த நாட்டுக்கு உரியது என்பதைப் பொறுத்தது. ஆள் சென்னையில் இருந்தாலும் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இருந்தாலும் நிலைமை ஒன்றுதான். ஆண்ட்ராய்டில் ஏபிகே கோப்பாக வெளியிலிருந்து இறக்கிக்கொள்ள வழி இருந்தது. போலிச் செயலிகள் நுழையும் வாசலும் அதுவே என்பதால் அதை வசதி என்று சொல்ல மனம் வரவில்லை.

பலன் அரசுக்குக் கிடைத்தது. கூகாயின் 34.5 லட்சம் ரூபாய் அபராதம் கட்டிப் பதிவு செய்தது. பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் அது பதிவு பெற்றுத் திரும்பியது. அந்த 9 பேர் பட்டியலில் இல்லாத ஓகேஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் இந்தியாவிலிருந்து கடையைக் கட்டிக்கொண்டு போனது. 2025 அக்டோபரில் மேலும் 25 வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. அதற்குச் சற்று முன், அந்த ஆண்டு ஆகஸ்டில், கூகுள் கொண்டுவந்த உரிம விதி சாவியைப் பயனரிடமே விடும் வாலட்டுகளையும் பாதிக்கும் என்று அச்சம் எழ, அவற்றுக்கு விதி பொருந்தாது என்று அந்நிறுவனம் விளக்கமளித்தது.

பதிவு பெற்றிருப்பதும் ஸ்டோரில் இருப்பதும் பணத்துக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. 2024 ஜூலை 18 அன்று உள்நாட்டு எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அங்கே முடங்கிய தன் நாணயங்களுக்காக ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில் 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்றும், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்று வைத்திருக்க முடியும் என்றும் கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.