செவியில் பாயும் மின்சாரம்

அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்த நோயாளி முதலில் உணர்வது நோவைத்தான். அந்த நோவைத் தணிக்க மருத்துவர்கள் நெடுங்காலமாக நம்பி வந்தது அபினியையும், அதிலிருந்து எடுக்கப்படும் மார்பினையுமே ஆகும். ஆனால் நோவைப் போக்கும் அதே மருந்து மனிதனை அடிமையாக்கவும் வல்லது. ஆகவே வேறு வழி தேடினர். அவ்வழிகளுள் ஒன்று, காதுமடலில் ஊசி பொருத்தி மென்மையான மின்சாரம் செலுத்துவது.

மின்சாரத்தால் நோவைத் தணிக்கும் எண்ணம் மிகப் பழையது. கீல்வாத நோயாளியின் காலடியில் உயிருள்ள மின்சாரத் திருக்கை மீனை வைத்து, கால் மரத்துப் போகும்வரை நிறுத்தும்படி உரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்.

காதின் கதையோ 1950-களில் பிரான்சு நாட்டில் தொடங்கியது. லியோன் நகர மருத்துவர் போல் நோஜியே, தம்மிடம் வந்த சிலரின் காதுமடலில் சூட்டுத் தழும்பைக் கண்டார். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்பு வலிக்காக மார்சேயில் ஒரு பெண்மணி சூடு போட்டதாகவும், வலி நீங்கியதாகவும் அவர்கள் கூறினர். நாட்டு வைத்தியமென்று அவர் நகைத்து ஒதுக்கவில்லை. தாமே செய்து பார்த்தார். பின்னர் சூட்டை விடுத்து ஊசியைக் கையாண்டார். தலைகீழாகக் கிடக்கும் கருக்குழந்தையின் வடிவைக் காதில் பொருத்தி, எந்த உறுப்புக்கு எந்த இடம் என்றும் வகுத்தார். 1956-ல் மார்சே மாநாட்டில் இதனை வெளியிட்டார். ஊசி வைத்தியத்தில் பழம்பெரும் மரபுடைய சீனருக்கும் செய்தி விரைவில் எட்டியது.

1972-ல் ஹாங்காங் குவோங் வா ஆஸ்பத்திரியில் மூளை அறுவை மருத்துவர் எச். எல். வென், ஒரு நோயாளியை அறுவைக்கு ஆயத்தப்படுத்தினார். கையிலும் காதிலும் ஊசி பொருத்தி மின்சாரம் செலுத்தியபோது எதிர்பாராதது நிகழ்ந்தது. அபினிப் பழக்கமுடைய அந்நோயாளி, அபினி கிடைக்காததால் உண்டான தம் உபாதைகள் தணிந்தன என்றார். நோவுக்காகச் செய்த முயற்சி அபினி அடிமைத்தனத்துக்கும் வழி காட்டிற்று. வென் இதனை 1973-ல் வெளியிட்டார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவதை நாம் கண்டிருக்கிறோம். தொண்டை, நெஞ்சு, வயிறு ஆகியவற்றுக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதிலும் இருப்பதே காரணம். முதுகுத்தண்டில் நோவுச் செய்தியைத் தடுக்கும் ஒரு வாயில் உண்டென்று மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965-ல் கூறினர். மார்பினை ஒத்த பொருள்களை மூளையே சுரக்கிறதென்று ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் 1975-ல் கண்டறிந்தனர். காதில் பாயும் மின்சாரம் இவற்றைத் தூண்டக்கூடும் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நோஜியேயின் படம் மட்டும் இன்றளவும் ஐயத்துக்குரியதே.

அபினி வகை மருந்தை நிறுத்துவோரின் உபாதையைக் குறைக்க, காதில் பொருத்தும் ஒரு மின்கருவிக்கு அமெரிக்க அரசு 2017-ல் இசைவளித்தது. ஆனால் அறுவைக்குப் பிந்திய நோவைப் பொறுத்தவரை முடிவு ஒரே வகையாக இல்லை. சில சோதனைகளில் மருந்தின் தேவை குறைந்தது; வேறு சிலவற்றில், மின்சாரமில்லாத போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் தெரியவில்லை. ஆதலால் மருந்தைக் கைவிட்டு இதனை மட்டும் நம்புதல் தகாது. மருந்தின் அளவைக் குறைக்க உதவுமா என்பதே கேள்வி. அதற்கு விடை காண, நாட்டு வைத்தியத்தை இகழாமலும் கண்மூடி ஏற்காமலும் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.