ஒயின் டேஸ்ட்டிங் ட்ரிப் போறீங்களா? குடிக்கத் தெரிய வேண்டாம்... துப்பத் தெரியணும்!

வீக் எண்டுக்கு ஃப்ரெண்ட்ஸோட கிளம்பணும், போற இடத்துல புதுசா எதையாவது கத்துக்கணும்னு பிளானா? இந்திய ஒயினின் தலைநகர் என்று பெயரெடுத்த நாசிக்குக்குப் போகலாம். மும்பையிலிருந்து சுமார் 170 கி.மீ. சுலா போன்ற ஒயின் ஆலைகளில் திராட்சைத் தோட்டம், தயாரிக்கும் இடம் எல்லாம் சுற்றிக்காட்டி, கடைசியில் ருசிபார்க்கவும் சொல்லித்தருகிறார்கள்.

எப்போ போகலாம்?

ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் அறுவடை என்றால், இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை. தோட்டம் களைகட்டும் நேரம் அதுதான். ஆனால், ஜனவரி 26 லாங் வீக் எண்டுக்கு பிளான் போட்டுடாதீங்க பாஸ். அன்று மது விற்பனைக்குத் தடை. மகாராஷ்டிராவில் ஒயினுக்கான சட்டபூர்வ வயது 21. கேங்கில் எல்லோருக்கும் அந்த வயது ஆகிடுச்சான்னு முதலில் பாருங்க.

எப்படி ருசிபார்ப்பது?

முதலில் கண். கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். ரெட் ஒயினுக்குச் சிவப்பு வருவது திராட்சைத் தோலிலிருந்துதான். அடுத்து மூக்கு. கிளாஸை மெதுவாகச் சுழற்றி முகர்ந்தால் வாசனை எழும்பும். அதனால் அன்றைக்கு மட்டும் பெர்ஃப்யூமுக்கு லீவு விடுங்க. கடைசியாக நாக்கு. ஒரு சின்ன வாய் எடுத்து, வாய் முழுக்கப் பரவவிடுங்கள்.

'எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாதே' என்று தயங்க வேண்டாம். அறுசுவையில் வளர்ந்த நாக்கு இது. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் வருமே துவர்ப்பு, ரெட் ஒயினில் நாக்கைக் கவ்விப் பிடிப்பதும் அதேதான். தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் செய்யும் வேலை. ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வந்தால் அது பிரமை இல்லை. மிளகில் இருக்கும் அதே வாசனைப் பொருள் அதிலும் உண்டு. சோவிஞான் பிளாங்க்கில் கொய்யாவோ குடைமிளகாயோ தெரிந்தால் தைரியமாகச் சொல்லுங்கள்.

துப்புவது தப்பில்லை

ஒரு கிளாஸில் 30 மி.லி. என்றாலும், 5 வகை ருசிபார்த்தால் 150 மி.லி. அதாவது, ஒரு முழு கிளாஸ் ஒயின். அதனால்தான் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் விழுங்குவதில்லை, ருசிபார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். துப்புவதற்கென்றே பாத்திரம் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டினால், முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஸ்டீயரிங் பிடிப்பவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. அது யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு பண்ணுங்க. யாரும் சிக்கலையா? வாடகை கார் எடுங்க.

'ஒயின் உடம்புக்கு நல்லதுதானே மச்சி' என்று யாராவது ஆரம்பித்தால், பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதை நினைவுபடுத்துங்கள். குடிக்காத நண்பரும் தோட்டத்தைச் சுற்றலாம், வாசனை பார்க்கலாம். 'ஒரு சிப் மட்டும்டா' என்று அவரை மட்டும் வற்புறுத்தாதீங்க, ப்ளீஸ்!