தலைவிதியா, விதிமுறையா? கோல்டன் கேட் பாலத்து வலை சொல்லும் பாடம்



இன்றைய வரலாற்றுப் பதிவு ஒரு பாலத்தைப் பற்றியது. பாலம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆனாலும் உங்களில் கட்டட வேலை பார்ப்பவர்களும், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுபவர்களும் கடைசி வரை படிக்க வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் சிவப்பு நிறத் தொங்குபாலத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுதான் கோல்டன் கேட் பாலம். 1933 ஜனவரி 5 அன்று வேலை தொடங்கியது. 1937 மே 27 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கோபுரங்களின் உயரம் 746 அடி. இரண்டு கோபுரங்களுக்கும் இடையே 4,200 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். செலவு சுமார் மூன்றரைக் கோடி டாலர்.

அந்தக் காலத்தில் பெரிய பாலம் கட்டுபவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பார்கள். சிமெண்டுக்கு இவ்வளவு, இரும்புக்கு இவ்வளவு, உயிருக்கு இவ்வளவு! அந்தக் கணக்குப்படி இந்தப் பாலத்துக்கு 35 பேர் சாக வேண்டும். அதை யாரும் பெரிய தவறாக நினைக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. வேலைத்தள வாசலில் வேலை கேட்டு ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை.

அந்தக் கணக்கை ஏற்க மறுத்தவர் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ். முதலில் எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றார். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் அணிந்த இரும்புத் தொப்பியைப் பார்த்து, அதே ஊர்க்காரரான புல்லார்டு தயாரித்த தொப்பி அது. இன்று கட்டட வேலையில் போடும் ஹெல்மெட்டுக்கு அதுவே முன்னோடி. அடுத்து, உயரத்தில் வித்தை காட்டுகிறவரை வேலையை விட்டு நீக்குவேன் என்றார். வீரம் காட்டத்தான் அந்த வேலைக்கே வருவார்கள் என்று நினைத்திருந்த காலம் அது!

சாலைத்தளம் போடும் கட்டம் வந்ததும், பாலத்துக்கு அடியில் கயிற்று வலை கட்டினார். சர்க்கஸில் பார்ப்போமே, அதே மாதிரி. பாலத்தின் அகலத்தைவிட இருபுறமும் பத்தடி கூடுதலாக நீட்டியிருந்தது. வேலை முன்னேற முன்னேற வலையும் முன்னால் போனது. செலவு சுமார் 1,30,000 டாலர். பெரிய தொகை என்று தோன்றும். மொத்தச் செலவோடு வகுத்துப் பாருங்கள். நூறு ரூபாயில் 37 பைசா!

பலன் என்ன? வேலை தொடங்கியதிலிருந்து 1936 அக்டோபர் வரை ஓர் உயிர்கூடப் போகவில்லை. வலையில் விழுந்து பிழைத்தவர்கள் மட்டும் 19 பேர். அவர்கள் தங்களுக்கு 'நரகத்துக்குப் பாதி வழி சங்கம்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வலை கட்டினால் வேலை மந்தமாகும் என்று நாம் நினைப்போம். அங்கே பயம் குறைந்ததால் ஆட்கள் இன்னும் தாராளமாக நடமாடி வேலை செய்தார்கள்.

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் பாதி பாடம்தான்.

1936 அக்டோபர் 21 அன்று பளுதூக்கி சரிந்து ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு 1937 பிப்ரவரி 17. திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்றே மாதம். சாலைத்தளத்தின் அடியில் தொங்கிய நகரும் மேடை ஒன்றில் நின்று, மரப்பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையின் எடை சுமார் ஐந்து டன். அதைத் தாங்கியிருந்த பிடிப்பு விட்டுப்போனது. மேடை அப்படியே வலைமேல் விழுந்தது. மனிதனைத் தாங்கக் கட்டிய வலை ஐந்து டன்னை எப்படித் தாங்கும்? கிழிந்துவிட்டது. 12 பேர் கடலில் விழுந்தார்கள். இருவர் பிழைத்தார்கள். 10 பேர் இறந்தார்கள்.

ஆக மொத்தம் 11 உயிர்கள். பழைய கணக்குச் சொன்னது 35. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. வலை கட்டினால் சாவு குறையும். கட்டிய வலையை நம்பி மற்றப் பிடிப்புகளைச் சோதிக்காமல் விட்டால் வலையும் காப்பாற்றாது.

இது நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான், 1970-இல், அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு அங்கே கட்டட வேலையில் ஆறடிக்கு மேல் நின்றால் தடுப்புக் கம்பியோ, வலையோ, இடுப்பு தோள் எல்லாம் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையோ இருக்க வேண்டும். ஏணிக்கும் விதி உண்டு. ஏணி சாயும் இடம் 12 அடி உயரம் என்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். மாடிக்கு ஏறும் ஏணி, மாடித் தளத்துக்கு மேலே இன்னும் 3 அடி நீண்டிருக்க வேண்டும், இறங்கும்போது பிடித்துக்கொள்வதற்கு.

எளிய விதிகள்தான். ஆனால் அந்த நாட்டில் அதிகம் மீறப்படும் பாதுகாப்பு விதி எது தெரியுமா? 2011 முதல் ஆண்டுதோறும் முதலிடத்தில் இருப்பது விழுவதைத் தடுக்கும் விதிதான். 2024 பட்டியலில் ஏணி விதி மூன்றாமிடம். கட்டட வேலையில் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துதான் இறக்கிறார்கள். பணமும் சட்டமும் இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை.

"பார்த்து ஏறினால் போதும் சார், எல்லாம் பழக்கம்தான்" என்று சொல்வீர்கள். எட்டாம் வகுப்பில் போட்ட கணக்கை நினைவுபடுத்துகிறேன். பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது. தரையில் மோதும் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். அந்த நேரத்துக்குள் எந்தப் பழக்கம் உங்களைப் பிடிக்கும்?

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், ஒரு கொத்தனார் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். சவுக்குக் கம்புச் சாரம், கயிற்றுக்கட்டு தளர்ந்திருந்தது. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் "அவன் தலைவிதி" என்று சொல்லி, ஈமச் செலவுக்கு ஏதோ கொடுத்தார்கள். அவர் மகன் என் வகுப்பில் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். பத்து நாள் கழித்துச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'நீக்கம்' என்று எழுதியது என் கைதான். அந்த வீடு இன்றும் இருக்கிறது. அந்தச் சாரத்தை ஒருமுறை இறுக்கிக் கட்ட அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

நம் நாட்டிலும் 1996-இல் கட்டடத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் இயற்றினார்கள். சட்டம் தாளில் இருந்தால் போதாது, நம் வீட்டு வாசலுக்கும் வர வேண்டும். முப்பது லட்சத்தில் வீடு கட்டுகிறீர்களா? ஸ்ட்ராஸ் கணக்குப்படி உயிருக்காக ஒதுக்க வேண்டியது சுமார் 11,000 ரூபாய். நிலைவாசல் கதவுக்கு இதைவிட அதிகம் செலவு செய்கிறோம்.

மேஸ்திரியாகவும் பொறியாளராகவும் இருக்கும் தம்பிகளே, தினமும் காலையில் சாரத்துக் கட்டுகளைச் சோதித்த பிறகு ஆளை ஏற்றுங்கள். கலவைச் சட்டியோடு ஏறும் சித்தாள் பெண்களுக்குக் கைப்பிடி உள்ள வழி அமைத்துக் கொடுங்கள். வீட்டுக்காரர்களே, பெயிண்ட் அடிக்க வருபவர் கயிறு இல்லாமல் ஏறினால் இறங்கச் சொல்லுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். ஏறுகிற பிள்ளைகளே, பட்டை கேட்பது கோழைத்தனம் அல்ல.

தமிழில் 'விதி' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று தலையெழுத்து. இன்னொன்று சட்டம். இரண்டாவதைக் கடைப்பிடிக்காத இடத்தில்தான் முதலாவதன்மேல் பழி போடுகிறோம்.

உங்கள் ஊரில் வேலை எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள நடைமுறையைச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.