படுகளத்தில் கிடக்கும் அரசன்

திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில், படுகளம் எனப்படும் வெட்டவெளியில் ஒருவன் மல்லாந்து கிடப்பான். களிமண் குழைத்து ஊரார் செய்த துரியோதனன். பல ஊர்களில் அவன் நீளம் 30 அடியைத் தாண்டும். முறுக்கிய மீசை, விழித்த கண். விடிய விடிய நடந்த ‘பதினெட்டாம் போர்’ கூத்து இந்த மண்ணுடலைச் சுற்றித்தான் முடிவுக்கு வரும்.

செஞ்சியை அடுத்த மேலச்சேரியை இந்த வழிபாட்டின் தாய்த்தலமாகப் பக்தர்கள் கருதுகிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று இவ்வட்டாரத்து விழாக்கள் பல நாள் நீளும். அமெரிக்க அறிஞர் ஆல்ப் ஹில்டபைட்டல் இவற்றை நேரில் கண்டு ஆராய்ந்து, 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய நூல்கள் வெளியிட்டார்.

வியப்பு ஒன்று உண்டு. அம்மனுக்கு எடுக்கும் விழாவில், கடைசி இரவின் நாயகன் அவளைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னவன்.

அவன் வருகையே தனி அழகு. பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடுவான். கிரீடமும் புஜகீர்த்தியும் மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தவை. இந்த அணிகளைக் ‘கட்டை’ என்பார்கள். திரை விலகியதும் கட்டியங்காரன் அவனிடம் ஊரும் பேரும் விசாரிப்பான். கூத்தின் இலக்கணமே இது: யாராக இருந்தாலும் தன் கதையைத் தானே சொல்லியாக வேண்டும். அதனால் தோற்றவனின் நெஞ்சுக்குள்ளிருந்து போரைப் பார்க்கிறோம். தம்பிமார் மாண்டார்கள், கர்ணனும் போய்விட்டான். அப்போதும் சமாதானம் என்ற சொல் அவன் வாயில் வராது.

பாண்டவர்கள் ஐந்து ஊர் கேட்டபோது ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றவன் அவன். கூத்து அந்தக் குற்றத்தைப் பூசி மெழுகுவதில்லை. ஆனால் தன் மனைவியின் முத்துமாலை கர்ணன் கையால் அறுந்து சிதறியபோது, சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல் முத்தைப் பொறுக்கக் குனிந்தவனும் அவனே என்று தமிழ் மரபு நினைவில் வைத்திருக்கிறது. நண்பனிடம் அவ்வளவு தாராளம். பங்காளியிடம் மட்டும் அந்த மனம் இல்லை. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சறுந்த கதை தெரிந்த ஊர்களில் இது புராணமாக மட்டும் கேட்காது.

சமஸ்கிருதத்திலும் இப்படி ஒரு நாடகம் உண்டு, பாசனின் ‘ஊருபங்கம்’. பாசனுடையவை என்று கருதப்படும் நாடகங்களைக் கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். ஊருபங்கத்தில் துரியோதனனின் சிறு மகன் அப்பாவின் மடியில் ஏற வருகிறான். தொடைகள் முறிந்து கிடப்பவனுக்கு மடி ஏது? வில்லனை நாயகனாக்கியவர்களில் இவ்வளவு குறைந்த சொல்லில் நெஞ்சை அறுத்தவர்கள் அரிது.

படுகளத்தில் பீம வேஷக்காரர் துரியோதன வேஷக்காரரைத் துரத்துவார். கதாயுதம் தொடையில் விழும். மண்ணுருவின் தொடையில் புதைத்த சிவப்பு நீர் பீறிடும். அதைத் தொட்டுப் பூசி, விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். பிறகு செத்தவனுக்கு ஒப்பாரி, மாலையில் தீமிதி.

சில ஊர்களில் கூட்டம் அந்த மண்ணுருவை நோக்கி ஓடும். ஊசிமுனை நிலமும் தராதவன் மேனியிலிருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப்போய், வீட்டில் நெல் இருக்கும் இடத்தில் வைப்பார்கள்.