வலப்பக்க வலி

பெரியப்பாவுக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி வந்தபோது, ஆரம்பாக்கம் வீட்டில் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: குடல்வால். பழவேற்காடு ஏரியில் நாற்பது வருஷம் வலை இழுத்தவர். "கிழிச்சுட்டா எத்தனை மாசம் படகுல ஏற முடியாதுன்னு கேளுடா" என்பதுதான் ரயிலில் அவர் கவலை. சென்னையில் சிடி எடுத்தார்கள். குடல்வால் நன்றாகவே இருந்தது. பெருங்குடல் சுவரில் பிதுங்கிய ஒரு சின்னப் பைதான் வீங்கியிருந்தது. டைவர்டிகுலைட்டிஸ்.

ஐரோப்பியர்களுக்கு இது பெரும்பாலும் இடப்பக்கம் வரும். ஆசியர்களிடம் வலப்பக்கம் அதிகம். குடல்வால் என்று வயிற்றைத் திறந்த பிறகே விஷயம் தெரிந்த கதைகள் மருத்துவ வரலாற்றில் நிறைய.

இத்தனைக்கும் சென்ட்ரலுக்கு எதிரே, பொது மருத்துவமனையில், பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934லேயே வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ரேவில் குடல் ஓட்டையானால் கசியும் காற்று தெரியும், பேரியம் ஏற்றினால் பைகளின் உட்புறம் தெரியும். சுவருக்கு வெளியே நடப்பது தெரியாது. 1978ல் ஹிஞ்சி இந்த நோயின் சிக்கல்களை நான்கு படிகளாகப் பிரித்தார்: குடலை ஒட்டிய சீழ்க்கட்டியில் தொடங்கி, வயிறெங்கும் மலம் பரவுவது வரை. எந்தப் படி என்பது கத்தி வைத்த பிறகுதான் உறுதியாகும்.

வயிற்றைத் திறக்காமல் பார்க்க வழி செய்தவர் மருத்துவர் இல்லை, இஎம்ஐ கம்பெனி இன்ஜினியர் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார். வயிறு பின்னால் வந்தது. பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லாத மனுஷன், 1979ல் நோபல். (பி.இ. முடித்த எனக்குப் பொறாமைதான்.) எனக்குப் பிடித்தது அவர் பெயரில் உள்ள அளவுகோல். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு கழித்தல் 100 வாக்கில். குடலைச் சுற்றிய கொழுப்பில் நீர் கோத்தால் அந்த எண் 0 பக்கம் ஏறும், படத்தில் கறுப்புக்குள் சாம்பல் கீற்றுகள் விழும். அழற்சி என்பது கடைசியில் மாறிப்போன சில எண்கள்!

பெரிய சீழ்க்கட்டி தெரிந்தால் படத்தைப் பார்த்தபடியே ஊசிக்குழாய் செருகி வடிக்கலாம். வயிறெங்கும் பரவியிருந்தால் இன்றும் ஆபரேஷன்தான். ஒன்றுமே இல்லாவிட்டால்? ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 பேரிடம் சோதித்தார்கள். சிக்கல் இல்லை என்று சிடியில் உறுதியானவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்று 2012ல் முடிவு வந்தது. கத்தி எங்கே வைக்கலாம் என்பதைவிட, எங்கே வைக்க வேண்டாம் என்று சொன்னதுதான் சிடியின் பெரிய உபகாரம் என்பேன்.

பெரியப்பாவுக்குக் கஞ்சி, ஓய்வு, வலி மாத்திரை. காய்ச்சலோ வலியோ ஏறினால் உடனே வரச் சொன்னார்கள். திரும்பும்போது பொன்னேரி தாண்டியதும் கேட்டார்: "ஒரு ஊசிகூட போடலையேடா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"