கண்ணாடித் தொட்டி கற்பித்த பாடம்



தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சண்டை மீனைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே போத்தலில் இரண்டு ஆண் மீன்களை விட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். செவுளை விரித்து, நிறம் ஏறி, ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மீன்கள் ஒரு போத்தலுக்குள் ஒத்து வாழ முடிவதில்லை. ஆனால், இனத்தாலும் உருவத்தாலும் முற்றிலும் வேறுபட்ட சில உயிர்களோ ஒன்றையொன்று சார்ந்து ஒரே இடத்தில் நெடுநாள் வாழ்கின்றன. இந்த விந்தையை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான்? அந்த வரலாற்றையே இன்று காணவிருக்கிறோம்.

முதலில் நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுவோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தோம். பிள்ளைகள் வாய்க்காலில் பிடித்து வந்த கப்பி மீன்களும், கொஞ்சம் நீர்ச்செடிகளும் அதில் இருந்தன. செடியோடு ஒட்டிக்கொண்டு நத்தைகளும் வந்து பெருகிவிட்டன. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. “இந்த அருவருப்பான நத்தைகளையெல்லாம் பொறுக்கி வெளியே எறியுங்கள்” என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அவர்களும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்தார்கள். தொட்டி பளிச்சென்று இருந்தது. ஆனால், மூன்று வாரத்திற்குள் செடியின் இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. “நத்தை போனதால்தான் மீன் செத்துப்போச்சா, சார்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்று நமக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருப்பது தெரிய வந்தது.

இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் இருந்தார். 1849ஆம் ஆண்டில் அவர் 12 காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பாதியளவு நீர் நிரப்பி, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். நாடாவைப் போல நீண்ட இலைகளையுடைய நீர்ச்செடி ஒன்றையும் நட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும். ஆகவே நீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. சில காலம் அப்படியே நடந்தது. பிறகு முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. மீன்களுக்கு ஆபத்து வந்துவிட்டது.

அப்போது வாரிங்டன், குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகியதைத் தின்று தீர்த்தன. நீர் மீண்டும் தெளிந்தது. அது மட்டுமா? நத்தையிட்ட முட்டைகளும் இளங்குஞ்சுகளும் மீன்களுக்கு இரையாகவும் பயன்பட்டன. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தொட்டி நிலைக்கும் என்பதை 1850இல் அவர் இலண்டன் வேதியியல் சங்கத்தில் எடுத்துரைத்தார். எதை நாம் அழுக்கு என்று எறிந்தோமோ, அதுவே அவருடைய தொட்டியைக் காப்பாற்றிய உயிர்! தோட்டத்தில் கால்வாய் சுத்தம் செய்பவர் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இதன் பின்னர் இங்கிலாந்தில் மீன் வளர்க்கும் ஆசை வேகமாகப் பரவியது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்காக மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் என்பவர் மீன்தொட்டியைப் பற்றி எழுதிய நூல் பலரையும் கவர்ந்தது. பல வீடுகளின் கூடத்தில் கண்ணாடித் தொட்டிகள் இடம்பெற்றன.

அங்கே இப்படியிருக்க, நம் பக்கத்துக் கடலில் இன்னொரு விந்தை வெளிப்பட்டது. கத்பர்ட் காலிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் 1866இல் கப்பலேறித் தென் சீனக் கடலுக்கு வந்தார். அங்கே பவளப்பாறையில், விரிந்த நிலையில் இரண்டடி அகலமுள்ள கடற்சாமந்தியைக் கண்டார். கடற்சாமந்தி பூப்போலத் தோன்றினாலும் பூவன்று. அது ஒரு பிராணி. அதன் இதழ்களைப் போன்ற உணர்விழைகளில் நச்சு ஊசிகள் உண்டு. தொட்ட சிறுமீன் துடித்துச் சாகும்; கடற்சாமந்தி அதை விழுங்கிவிடும். ஆனால், காலிங்வுட் கண்ட கடற்சாமந்திக்குள்ளிருந்து ஒரு மீன் உயிரோடு வெளியே வந்தது! 1868இல் இதை எழுதியபோது, அந்த மீனை ஏறக்குறைய ஓர் ஒட்டுண்ணி என்றே அவர் குறிப்பிட்டார்.

அடுத்த ஆண்டே, இன்று நம் நாட்டின் கூட்டரசுப் பிரதேசமாக விளங்கும் லாபுவானிலிருந்து, டி கிரெஸ்பினி என்னும் கடற்படை அதிகாரி இப்படிப்பட்ட இன்னொரு மீனைப் பற்றி எழுதினார். தம் கட்டுரையின் தலைப்பில் அவர் இந்த உறவை ‘நட்பு’ என்றே குறிப்பிட்டார். ஒருவர் கண்ணுக்கு ஒட்டுண்ணி. மற்றொருவர் கண்ணுக்கு நண்பன். யார் சொன்னது சரி?

இதற்கு விடை காண மீண்டும் கண்ணாடித் தொட்டியே உதவியது. சுலூயிட்டர் என்னும் டச்சு விலங்கியலாளர், இன்று ஜக்கார்த்தா என்று வழங்கும் பத்தாவியாவில், இந்த மீன்களைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார். இவற்றைத்தான் நாம் கோமாளி மீன் என்கிறோம். கடற்சாமந்தி இல்லாத கோமாளி மீன்களை மற்ற மீன்கள் விரைவில் பிடித்துத் தின்றன. கடற்சாமந்தியோடு இருந்தவையோ மாதக்கணக்கில் உயிர் வாழ்ந்தன. 1888இல் இதை வெளியிட்ட அவர், ஒன்றுக்கொன்று பயன்படும் உறவு என்னும் பொருளுடைய சொல்லை இதற்குச் சூட்டினார்.

நச்சு ஊசி கோமாளி மீனை மட்டும் ஏன் கொல்வதில்லை? 1958இல் டேவன்போர்ட், நோரிஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான கோழைதான் அதைக் காக்கிறது என்று காட்டினார்கள். இருந்தாலும், பிரிந்திருந்துவிட்டுத் திரும்பும் மீன் ஒரேயடியாக உள்ளே பாய்ந்துவிடுவதில்லை. வாலால் மெல்லத் தொடும், சட்டென விலகும், மறுபடியும் தொடும். இப்படிப் பழகிப் பழகித்தான் உள்ளே இடம் பிடிக்கிறது.

அப்படியானால் கடற்சாமந்திக்கு என்ன லாபம்? அதைக் கடித்துத் தின்ன வரும் மீன்களைக் கோமாளி மீன் விரட்டுகிறது. மீனின் கழிவு, கடற்சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு உரமாகிறது. அந்தப் பாசி கடற்சாமந்திக்கு உணவு தயாரிக்கிறது. இரவு நேரத்தில் மீன் உணர்விழைகளுக்கிடையே அசைந்துகொண்டிருப்பதால் அங்கே நீரோட்டம் உண்டாகி, கடற்சாமந்திக்குப் பிராணவாயு கிடைக்கிறது என்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒட்டுண்ணி என்று எண்ணப்பட்டது காவலாளியாகவும், உரமிடும் உழவனாகவும், விசிறி வீசும் தோழனாகவும் விளங்கியது!

இதை நட்பு என்று சொல்லலாமா? மீனுக்கு நம்மைப் போல நட்புணர்ச்சி உண்டென்று சொல்வதற்கில்லை. தன் உயிரைக் காக்கவே அது அங்கு வாழ்கிறது, கடற்சாமந்தியும் அப்படியே. ஆயினும் ஒன்றின் தேவை மற்றொன்றுக்குப் பயனாகிறது. இந்தப் பிணைப்பு அறுந்தால் இரண்டும் துன்புறும். அழகுக்காக வளர்ப்போருக்கு விற்கவென்று பிலிப்பைன்சின் செபூ பகுதியில் இவற்றை மிகுதியாகப் பிடித்தார்கள். அப்படிப் பிடித்த இடங்களில் கோமாளி மீனும் கடற்சாமந்தியும் குறைந்திருந்ததை 2005இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், கடற்சாமந்தி தன்னுள் இருக்கும் பாசியை இழந்து வெளுத்துப்போகிறது. அப்போது மீனின் வீடும் ஆட்டம் காண்கிறது.

நேயர்களே, இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. மனிதன் முதலில் பெயர் சூட்டுகிறான். பிறகுதான் உற்றுப் பார்க்கிறான். மீனை ஒட்டுண்ணி என்றார் ஓர் அறிஞர். நத்தையை அருவருப்பு என்றோம் நாம். உற்றுப் பார்த்த பிறகு இரண்டு பெயர்களும் நிலைக்கவில்லை.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு, நம் வகுப்பறைத் தொட்டியை மறுபடியும் நிரப்பினோம். இம்முறை நத்தைகளையும் சேர்த்தே விட்டோம். கணக்கின்றிப் பெருகினால் மட்டும் சிலவற்றை எடுத்து வாய்க்காலில் விட்டு வந்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போத்தலில் மீன் வளர்த்தால், “இதற்கு ஏன் இந்த வீண் வேலை?” என்று கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு செடியும் நான்கு நத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த களைப்பாற, அவர்களோடு சிறிது நேரம் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். பெரிய அறிஞர்கள் தொடங்கியதும் அப்படித்தான்.