காரின் பழுதும் உரிமையாளரின் கையும்

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி கார், ஒர்க்‌ஷாப்புகள் அரிதாயிருந்த அமெரிக்கக் கிராமப்புறங்களில் விவசாயிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததால், அதைப் பழுதுபார்க்கும் வேலையும் அவர்கள் பொறுப்பாயிற்று. உரிமையாளருக்கு எழக்கூடிய ஐயங்களை அந்நிறுவனமே வினா விடையாகத் தொகுத்துக் கையேடாக வெளியிட்டது. தன் வண்டியைத் தானே சரிசெய்யும் வழக்கம் வண்டியின் எளிமையால் வளர்ந்ததென்று கூறப்படுவதுண்டு. பழுதைப் பற்றிய அறிவு தடையின்றிக் கிடைத்ததே அதற்கு முதன்மைக் காரணம் என்பதைப் பின்வந்த காலம் காட்டுகிறது.

தயாரிப்பாளர்களின் ஒர்க்‌ஷாப் கையேடுகள் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளை மனத்திற்கொண்டே எழுதப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய ஜான் ஹெய்ன்ஸ், ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காரைப் புதுப்பிக்க உதவுகையில் இக்குறையை உணர்ந்து, பாகங்களைக் கழற்றிப் பூட்டும் படிகளைப் புகைப்படங்களாகப் பதிவுசெய்தார். அதன் பயனாக 1966இல் வெளிவந்த கையேடு, முன்னனுபவம் இல்லாதவரும் ஸ்பேனரைத் துணிந்து எடுக்க வழிசெய்தது. 1969இல் அமெரிக்காவில் ஜான் மியூர் ஃபோக்ஸ்வேகன் கார்களுக்கு எழுதிய நூலும் இந்நோக்கம் கொண்டதே.

1980களில் எரிபொருளையும் தீப்பொறியையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கத் தொடங்கியதும், கண்ணும் காதும் மட்டும் போதாமற்போயின. காற்று மாசைக் கட்டுப்படுத்தக் கலிபோர்னியா முன்னெடுத்த விதிகள் வளர்ந்து, 1996 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்னும் பொது அமைப்பு கட்டாயமானது. வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து குறியீடாகப் பதிந்துகொள்ளும் இவ்வமைப்பின் குறியீடுகளை, பதினாறு முனை கொண்ட இணைப்பான் வழியே எவரும் படிக்கலாம். புகையைக் கட்டுப்படுத்த வந்த விதி உரிமையாளருக்கும் வாசல் திறந்துவிட்டது பெரும்பேறு என்றே கருத வேண்டும்.

சான்றாக, பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அதாவது 'மிஸ்ஸிங்' என்பதைக் குறிக்கும். சிலிண்டருக்கொரு இக்னிஷன் காயில், அதாவது தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள், உள்ள இன்ஜினில், முதல் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றி, குறியீட்டை அழித்து வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பி0302 தோன்றுமாயின், கோளாறு காயிலில்தான் உள்ளது. தோன்றாமல் பழைய குறியீடே வருமாயின் ஸ்பார்க் பிளக்கையோ எரிபொருள் இன்ஜெக்டரையோ சோதிக்க வேண்டும். முன்பு மெக்கானிக்கின் அனுபவத்தில் மட்டும் தங்கியிருந்த இத்தகைய சோதனைகளை, அதே மாடலை வைத்திருப்பவர்கள் காணொளிகளாக இணையத்தில் பகிர்ந்து பொதுச்சொத்தாக்கினர்.

ஆயினும் இவ்வாசல் தானாகத் திறந்திருப்பதில்லை. பழுதறியும் தகவலை உரிமையாளருக்கும் தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் தர வேண்டுமென 2012இல் சட்டம் இயற்றிய மாசசூசெட்ஸ் மாநிலம், வண்டியிலிருந்து கம்பியில்லா முறையில் நேராகத் தயாரிப்பாளருக்குச் செல்லும் தரவுகளுக்கும் அதை 2020 வாக்கெடுப்பில் விரிவாக்கியது. கார் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு அவ்வாண்டே அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.